கருவுற்ற தாயும் இரும்புச் சத்தும்

1969ஆம் ஆண்டில் நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் தமக்கையார் தலைப்பிரசவத்திற்காக எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். நான் பள்ளியிலிருந்து திரும்பியதும் அவர் என்னை அருகில் அழைத்து, "தம்பி, பையில் பலப்பம் இருந்தால் ஒன்று கொடு" என்று மெல்லக் கேட்பார். எழுதுவதற்கன்று, தின்பதற்கு. நானும் எடுத்துக் கொடுப்பேன். மறுநாள் பலகையில் எழுதப் பலப்பமில்லாமல் ஆசிரியரிடம் ஏச்சு வாங்குவேன். மசக்கைக்காரிக்கு வாய் எதையெதையோ கேட்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்ததையும், கிணற்றடியிலிருந்து ஒரு குடம் நீர் கொண்டுவருவதற்குள் இருமுறை நின்று மூச்சு வாங்கியதையும் எவரும் பெரிதாக எண்ணவில்லை. "பிள்ளையுண்டானால் வெளுக்கத்தான் செய்யும்" என்பது அன்றைய முடிவு. பிரசவத்தின்போது ஏற்பட்ட குருதிப்போக்கை அவர் உடல் தாங்கவில்லை. குழந்தை பிழைத்தது, தமக்கையார் பிழைக்கவில்லை.

ஆண்டுகள் பல கழிந்து, ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் உடல்நல நூல்களைப் படித்தபொழுதுதான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மண், சாம்பல், பலப்பம், வேகாத அரிசி போன்றவற்றின்மீது எழும் அடங்காத வேட்கை, உடலில் இரும்புச் சத்துக் குறைந்திருப்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதே அது. பலப்பம் கேட்ட அந்த வாய் ஓர் எச்சரிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதனைப் படித்தறியத் தெரிந்தவர் எங்கள் இல்லத்தில் ஒருவருமில்லை.

மாணவ மாணவியரே! கருவுற்ற தாயைப் பற்றிய இப்பேச்சு நமக்கெதற்கு என்று நீங்கள் எண்ணவேண்டா. தாய்க்கு வேண்டிய இரும்பு, தாயாகும் காலத்தில் மட்டும் தேடிக்கொள்ளும் பொருளன்று. உங்கள் வயதிலேயே சேர்த்து வைக்கவேண்டிய செல்வம் அது. மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. நாளை நீங்கள் கணவராகவும் தந்தையாகவும் விளங்கப்போகிறவர்கள். இன்றே தமக்கைக்குத் தம்பியராகவும் இருக்கிறீர்கள்.

முதற்கண், இரும்பு நம் உடலில் என்ன செய்கிறது என்று காண்போம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் 3 அல்லது 4 கிராம்தான் தேறும். ஒரு சிறிய ஆணியின் எடை என்று கொள்ளலாம். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, குருதியின் சிவப்பணுக்களில் இருக்கிறது. அச்சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருள் உண்டு. அதன் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நான்கு இரும்பு அணுக்கள் அமைந்துள்ளன. நுரையீரலில் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, உடலின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் சென்று அதனை விடுவிப்பது இவ்விரும்பின் தொழில். இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். அது குறைந்தால் ஒவ்வோர் உறுப்பும் மூச்சுத் திணறும். இந்நிலையையே சோகை என்கிறோம்.

சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறக்குறைய 120 நாள்கள். அது முதிர்ந்து அழியும்பொழுது அதிலுள்ள இரும்பை உடல் வீணாக்குவதில்லை. பழைய பாத்திரத்தை உருக்கிப் புதுப் பாத்திரம் வார்ப்பதுபோல, அதே இரும்பைக்கொண்டு எலும்பின் உள்ளே புதிய அணுக்களை ஆக்கிக்கொள்கிறது. நாள்தோறும் உடலைவிட்டு நீங்கும் இரும்பு 1 அல்லது 2 மில்லிகிராம் அளவே. அச்சிறு இழப்பை உணவு ஈடுசெய்துவிட்டால் கணக்கு நேராகும். மிகுந்தது ஈரல் முதலிய உறுப்புகளில் இருப்பாகத் தங்கும். ஆனால், பூப்பெய்திய பெண்களுக்குத் திங்கள்தோறும் குருதி இழப்பு உண்டாதலின், அவர்களுடைய இருப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. பலரிடத்தில் 300 மில்லிகிராம்கூட இருப்பதில்லை.

இந்நிலையில் ஒரு பெண் கருவுறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கருவுற்ற காலம் முழுவதற்கும் அவளுக்கு வேண்டிய இரும்பு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. அதில் 300 மில்லிகிராம் குழந்தைக்கும் நச்சுக்கொடிக்கும் செல்கிறது. 500 மில்லிகிராம் தாயின் உடலில் புதிதாகப் பெருகும் குருதிக்கு வேண்டும். எஞ்சிய 200 மில்லிகிராம் அன்றாட இழப்பை ஈடுசெய்யும். முதல் மூன்று திங்களில் இத்தேவை மிகுதியில்லை. பிற்பாதியிலோ பன்மடங்காகப் பெருகுகிறது. இருப்பு 300, செலவு 1000 என்றால், அக்குடும்பக் கணக்கு எவ்வாறு முடியும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை.

"பிள்ளையுண்டானால் வெளுக்கத்தான் செய்யும்" என்ற பெரியவர்களின் கூற்றில் பாதி உண்மை இருந்தது என்பதையும் இங்குக் கூறவேண்டும். கருவுற்ற பெண்ணின் குருதியிலுள்ள நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு பெருகுகிறது. சிவப்பணுக்களோ அத்துணை பெருகுவதில்லை. எனவே நீர் விளாவிய மோர்போலக் குருதி சற்று நெகிழ்கிறது. இஃது இயற்கை. அதனாற்றான், மற்றப் பெண்களுக்கு 100 மில்லிலிட்டர் குருதியில் 12 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும் என்று கூறும் உலகச் சுகாதார நிறுவனம், கருவுற்றவர்களுக்கு 11 கிராம் போதும் என்றும், இடைப்பட்ட மூன்று திங்களில் 10.5 கிராம்கூடப் போதும் என்றும் வரம்பு வகுத்திருக்கிறது. அவ்வரம்புக்குக் கீழே இறங்குவது இயற்கையன்று, நோய். 7 கிராமுக்கும் கீழே செல்வது பேராபத்து. அத்தகைய தாய், மற்றவர் தாங்கக்கூடிய குருதிப்போக்கையும் தாங்கமாட்டாள். குழந்தை குறைமாதத்தில் பிறத்தலும், எடை குறைந்து பிறத்தலும் நேரக்கூடும். பெரியவர்கள் சொன்னதில் மற்றப் பாதி பொய்; அந்தப் பொய்யே உயிரைக் கொண்டுபோயிற்று.

இது என் இல்லத்துக் கதை மட்டுமன்று. 2019 முதல் 2021 வரை இந்தியாவில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு 52 பேர் சோகையுற்றிருந்தனர். இருவருள் ஒருவர்க்கு மேல் என்று பொருள்.

இனி, உணவின் வாயிலாக இரும்பைப் பெறும் வழிகளைக் காண்போம். ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் இத்துறையில் நமக்கு வழிகாட்டுவது. அது 1918ஆம் ஆண்டில் நம் நீலகிரிக் குன்னூரில், ஒற்றை அறையில் அமைந்த ஆய்வுக்கூடமாகப் பிறந்தது என்பது நினைவிற்குரியது. 2017இல் அந்நிறுவனம் வெளியிட்ட உணவுப் பட்டியலின்படி, தீட்டிய அரிசி 100 கிராமில் உள்ள இரும்பு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே அளவு கேழ்வரகில் 4 மில்லிகிராமுக்கு மேலும், கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேலும், கொள்ளில் 8 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கிறது. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு ஆகியவையும் நல்லன. முருங்கைக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் 4 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எள் இவற்றையெல்லாம் விஞ்சுவது. கருவுற்ற காலத்தில் எள்ளை விலக்கும் வழக்கமுள்ள இல்லங்கள் பல. அவர்கள் மற்றவற்றைக்கொண்டு நிறைவு செய்துகொள்ளலாம்.

இங்கே ஒரு மயக்கத்தைப் போக்கவேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் குருதியை ஊட்டும் என்று எண்ணிப் பீட்ரூட்டையும் மாதுளையையும் நம்பியிருப்போர் பலர். இவ்விரண்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அவை தீயன அல்ல, உண்ணலாம். ஆனால் சோகைக்கு மருந்து என்று அவற்றை நம்பியிருத்தல், நிறத்தைக் கண்டு செம்பைப் பொன்னென்று கொள்வதற்கொப்பாகும். பாலும் அவ்வாறே. வேறு பல நன்மைகள் உடையதாயினும், இரும்பைப் பொறுத்தவரை அது வறிய உணவு.

உணவில் இரும்பு இருந்தால் மட்டும் போதாது; அது குடலைக் கடந்து குருதியில் சேரவேண்டும். இவ்விடத்தில்தான் இருவகை இரும்பின் வேறுபாடு தோன்றுகிறது. மீன், கோழி, ஆட்டிறைச்சி முதலியவற்றிலுள்ள இரும்பில் ஒரு பகுதி, ஹீமோகுளோபினில் உள்ள வடிவிலேயே இருப்பதால் உடல் அதனை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்பு அத்துணை எளிதில் சேர்வதன்று. உண்டதில் பத்தில் ஒரு பங்கு சேர்வதே அரிது. புலாலுண்போர் சிறிதளவு மீனோ இறைச்சியோ சேர்த்துக்கொண்டால், அது தானே இரும்பைத் தருவதோடு, உடன் உண்ட கீரையின் இரும்பும் நன்கு சேர்வதற்குத் துணைபுரியும். ஈரலில் இரும்பு மிகுதி. ஆயினும் அதில் வைட்டமின் ஏ அளவு கடந்து இருப்பதால், கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதனை அடிக்கடி உண்ணலாகாது.

புலாலுண்ணாதோர் மனந்தளரவேண்டா. அவர்களுக்கும் ஒரு வழியுண்டு. எதை உண்கிறோம் என்பதைப்போலவே, எதனோடு சேர்த்து உண்கிறோம் என்பதும் இங்கு முதன்மையானது. இரும்புக்கு நண்பரும் உண்டு, பகைவரும் உண்டு. நண்பர்களுள் தலைசிறந்தது வைட்டமின் சி. அது தாவர இரும்பைக் குடல் ஏற்கும் வடிவிற்கு மாற்றித் தருகிறது. பெருநெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றில் இச்சத்து நிறைந்துள்ளது. வெப்பத்தில் அழியக்கூடியதாதலின், பருப்பையோ கீரையையோ அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சையைப் பிழிவதே முறை. முருங்கைக்கீரைப் பொரியலோடு ஒரு நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டலின்மேல் சில துளி எலுமிச்சைச்சாறு, உணவுக்குப்பின் ஒரு கொய்யாப்பழம் ஆகியவை ஏழை இல்லத்திற்கும் எட்டக்கூடியவை.

பகைவர்களுள் முதல்வர் தேநீர். அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு, குடலில் சேரவொட்டாமல் வெளியேற்றிவிடுகிறது. உணவோடு ஒரு குவளை தேநீர் அருந்தினால், அவ்வுணவின் தாவர இரும்பில் உடலில் சேரவேண்டிய பங்கு பாதிக்கும் மேல் குறைந்துவிடும். காப்பியும் ஓரளவு இவ்வாறே செய்யும். அவற்றை விடமுடியாதவர்கள், உணவுக்கு ஒரு மணி நேரமாவது முன்போ பின்போ அருந்தட்டும். சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் ஒரே வேளையில் வாயிலில் நெருக்கிக்கொள்ளும். எனவே கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் வெவ்வேறு வேளைகளில் உண்ணுதல் வேண்டும்.

தானியங்களிலும் பயறுகளிலும் பைட்டேட் என்னும் மற்றொரு பொருள் உண்டு. அதுவும் இரும்பைக் கட்டிவைப்பது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய மூன்றும் அக்கட்டை அவிழ்க்கும். நம் பாட்டிமார் பயறை முளைகட்டினர், கம்பங்கூழைப் புளிக்கவைத்தனர், இட்டலி மாவைப் பொங்கவிட்டனர். சுவைக்காகச் செய்தார்களோ, செரிமானத்திற்காகச் செய்தார்களோ, இரும்புக்கும் அது நன்மையாயிற்று. இன்று விரைவை விரும்பி அவற்றைக் கைவிடுகிறோம்.

சமைக்கும் பாத்திரத்தையும் மறத்தலாகாது. இரும்புச் சட்டியில் சமைக்கும்பொழுது, அதிலும் தக்காளி, புளி போன்ற புளிப்புள்ளவற்றைச் சமைக்கும்பொழுது, சட்டியிலிருந்து சிறிது இரும்பு உணவில் இறங்குகிறது. எத்தியோப்பிய நாட்டில் குழந்தைகளிடையே நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இரும்புச் சட்டியில் சமைத்த உணவை உண்ட குழந்தைகளின் ஹீமோகுளோபின், அலுமினியப் பாத்திர உணவை உண்டவர்களினும் உயர்ந்தது என்று கண்டனர். பரணில் கிடக்கும் பழைய வாணலியைக் கீழே இறக்கலாம். துருவை நன்கு துலக்கிவிட்டுப் பயன்படுத்துக. சமைத்ததை அதிலேயே நெடுநேரம் வைத்திராமல் வேறு பாத்திரத்திற்கு மாற்றுக.

இரும்பு ஒன்றே குருதிக்குப் போதும் என்றும் கருதிவிடலாகாது. 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கு நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகையால் வருந்தினர். அச்சோகை இரும்புக் குறைவால் வந்ததன்று என்பதை அவர் கண்டார். ஈஸ்டின் சாரத்தைக் கொடுத்தபொழுது அவர்கள் தேறினர். 1931இல் அவர் அதனை வெளியிட்டார். அச்சாரத்தில் மறைந்திருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. பசுங்கீரையிலும் பயறுகளிலும் அச்சத்து இருக்கிறது. அதனோடு வைட்டமின் பி12 என்பதும் வேண்டும். அது புலால், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலன்றித் தாவர உணவில் இல்லை. ஆகவே புலாலுண்ணாதோர் பாலையும் தயிரையும் கைவிடலாகாது. உணவோடன்றி வேறு வேளையில் அருந்தினால் இரும்புக்கும் இடையூறில்லை.

ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காது. கொக்கிப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுமாயின், எத்துணை கீரை உண்டும் பயனில்லை. மலத்தால் மாசுபட்ட மண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்து அப்புழு உட்புகும். கழிப்பறையைப் பயன்படுத்துதலும், காலணி அணிதலும், மருத்துவர் சொற்படி புழுநீக்க மருந்து உண்ணுதலும் இரும்பைக் காக்கும் வழிகளே.

இனி ஒரு வினா எஞ்சுகிறது. கருவுற்ற பெண்ணுக்கு இயற்கை உணவே போதாதா, மாத்திரை எதற்கு? நேர்மையாக விடை கூறுகிறேன். இருப்பு நிறைந்த உடலோடு கருவுற்றவளுக்கு நல்லுணவு பெருந்துணை. இருப்பு வற்றிய நிலையில் கருவுற்றவளுக்கு உணவு மட்டும் போதாது. நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் இரும்பு கருவுற்றவர்க்கு வேண்டும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. அதனை முழுவதும் தானியமும் பயறுமாக உண்டாலும், குருதியில் சேர்வது ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிகிராமே. சில திங்களுக்குள் நிரப்பவேண்டிய பள்ளம் அதனினும் பெரிது. ஆதலின்தான் நான்காம் திங்கள் தொடங்கி 180 நாள்கள், 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நாளுக்கு ஒன்றாக அரசு வழங்குகிறது. பிரசவத்திற்குப் பின்னும் அவ்வாறே 180 நாள்கள் உண்ணுதல் வேண்டும்.

மாத்திரையால் மலம் கருத்தால் அஞ்சவேண்டா, அது தீங்கற்றது. குமட்டலிருந்தால், இரவு உணவுக்குப்பின் உண்ணலாம், நிறுத்திவிடலாகாது. பொறுக்க முடியாவிடின் செவிலியரிடம் சொல்லி மாற்று வழி கேட்கவேண்டும். மறவாமல் குருதிப் பரிசோதனை செய்துகொள்க. பரம்பரையாக வரும் சிலவகைச் சோகைகளுக்கு இரும்பு மருந்தாகாது. மாத்திரைகளைச் சிறு குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைத்தலும் கடமை. அளவு மீறினால் குழந்தைக்கு அது நஞ்சு.

தாய் சேர்த்த இரும்பு தாயோடு முடிவதில்லை. தாய்ப்பாலில் இரும்பு சிறிதே. ஆதலால் குழந்தை தன் முதல் ஆறு திங்களைப் பெரும்பாலும், கருப்பையில் தாயிடமிருந்து பெற்ற இருப்பைக்கொண்டே கழிக்கிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டாமல் ஒரு நிமிடமேனும் பொறுத்தால், மேலும் சிறிது குருதி குழந்தைக்குச் சேரும் என்பதும் இன்று மருத்துவர் அறிந்த உண்மை. ஒரு பெண் தன் பதினைந்தாம் வயதில் உண்ட கீரை, பத்தாண்டுகளுக்குப் பின் பிறக்கும் குழந்தையின் குருதிக்கும் துணைநிற்கிறது என்றால் அது மிகையன்று.

இறுதியாக ஒன்று. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், 2014ஆம் ஆண்டளவில், வளரிளம் பருவத்தினர்க்கு வாரம் ஒன்றாக வழங்கும் நீலநிற இரும்பு மாத்திரை எங்கள் பள்ளிக்கும் வந்தது. முறையாக வழங்கினோம், பதிவேட்டில் குறித்தோம். ஒருநாள் மழை ஓய்ந்தபின் வகுப்பறைகளின் பின்புறம் சென்றேன். சன்னல்களுக்குக் கீழே, கால்வாய் நெடுக, நீல மாத்திரைகள் கரைந்துகொண்டிருந்தன. கடுஞ்சினத்தோடு அலுவலறைக்குத் திரும்பினேன். நாற்காலியில் அமர்ந்தபின் சினம் அடங்கியது. ஏன் உண்ணவேண்டும் என்று அவர்களுக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. எறிந்தது அவர்கள் பிழையானால், சொல்லாமல் கொடுத்தது என் பிழை.

மறுவாரம் காலை வணக்கக் கூட்டத்தில், பலப்பம் கேட்ட என் தமக்கையாரின் கதையைச் சொன்னேன்; இன்று உங்களுக்குச் சொன்னவற்றையும் சுருக்கமாகச் சொன்னேன். அதன்பின் கால்வாயில் மாத்திரையே காணப்படவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் வெகுவாகக் குறைந்திருந்தது. கூட்டம் முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் அக்காளும் பச்சரிசி தின்கிறாள்" என்றான். அன்று மாலையே அவன் பெற்றோர் அப்பெண்ணைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றனர்.

அந்தத் தம்பி படித்தறிந்த எச்சரிக்கையை நீங்களும் படித்தறிய வேண்டும் என்பதே என் விருப்பம்.